பல் செட்டிலிருந்து கண்ணுக்கு

கருவடிக்குப்பத்தில் ஒரு பல் லேபில் அக்ரிலிக்கில் பல் செட் செய்துகொண்டிருந்தேன். அதே அக்ரிலிக்கில்தான் செயற்கைக் கண்ணும் செய்கிறார்கள் என்று தெரிந்ததும் அந்த வேலையைக் கற்கப் போனேன். இரண்டுக்கும் உறவு பழையது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியிலிருந்து கண்ணாடிக் கண்கள் வருவது நின்றபோது, அமெரிக்க ராணுவத்தின் பல் மருத்துவப் பிரிவினர்தான் அக்ரிலிக்கில் கண் செய்து காட்டினார்கள்.

எனக்கு வேலை கற்றுத் தந்த மாஸ்டர் எடுத்ததும் பிரஷ்ஷைக் கையில் கொடுக்கவில்லை. "முதல்ல உள்ள என்ன இருக்குன்னு புரிஞ்சுக்கோ தம்பி. டாக்டர் வெச்ச உருண்டை மேலதான் நம்ம வேலை நிக்குது" என்றார்.

எங்களிடம் வருகிறவர்களில் பலர் சுற்றுவட்டாரத்து விவசாயக் கூலிகள். நெல் அறுக்கையில் தாள் குத்தியிருக்கும். கரும்புச் சோகை கீறியிருக்கும். பயிரோடும் மண்ணோடும் இருக்கும் பூஞ்சை அந்தக் கீறல் வழியே கருவிழிக்குள் இறங்கிப் புண்ணாகிவிடும். ஆரம்பத்திலேயே போனால் நாட்டாமைசின் சொட்டு மருந்தில் பல கண்களைக் காப்பாற்றலாம். தாமதித்தால் கண் முழுக்கச் சீழ் பிடித்து, பார்வை போய், வலி மட்டும் மிஞ்சும். அப்போதுதான் கண்ணை எடுக்கச் சொல்கிறார்கள்.

எடுப்பதில் இரண்டு முறை உண்டு. கருவிழியை நீக்கி, உள்ளே இருப்பதையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, வெள்ளை ஓட்டை அதில் ஒட்டிய தசைகளோடு விட்டுவிடுவது ஒன்று. பார்வை நரம்பை வெட்டிக் கண்ணை முழுதாக எடுப்பது இன்னொன்று. நரம்பை வெட்டினால் அதன் உறை வழியே கிருமி மூளையுறைக்குப் போகலாம் என்ற அச்சத்தால், சீழ் பிடித்த கண்ணில் பல மருத்துவர்கள் முதல் முறையையே விரும்புகிறார்கள். ஓடே அழுகிவிட்டாலோ, உள்ளே புற்றுக்கட்டி இருக்கும் என்ற சந்தேகம் வந்தாலோ முழுதாகத்தான் எடுக்க வேண்டும்.

காலியான இடத்தில் ஓர் உருண்டையை வைத்துத் தைக்கிறார்கள். 1885-இல் மான்செஸ்டரின் மியூல்ஸ் என்ற மருத்துவர் கண்ணாடி உருண்டையில் தொடங்கி வைத்த வழக்கம் இது. இப்போது பெரும்பாலும் அக்ரிலிக். பவளப்பாறையிலிருந்து எடுக்கும், ரத்தக் குழாய் ஊடுருவி வளரும் நுண்துளை உருண்டையும் உண்டு. பெரியவர்களின் கண் சுமார் 24 மில்லிமீட்டர், உருண்டை பெரும்பாலும் 18 முதல் 22. சிறியதாகப் போனால் மேல் இமைக்கு மேலே குழி விழும். அளவுக்கு மீறினால் தையல் பிரிந்து வெளியே வந்துவிடும். சீழ் இருக்கும்போதே வைப்பதா, சில வாரம் பொறுப்பதா என்பது மருத்துவரின் தீர்ப்பு. உருண்டை வைத்த கண்ணையும் வைக்காத கண்ணையும் மாஸ்டர் அடுத்தடுத்துக் காட்டினார். உருண்டை இல்லாத இடத்தில், கண் செய்பவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் முகம் ஒரு பக்கம் சோர்ந்துதான் தெரிகிறது. கண்ணை எடுக்கச் சம்மதம் கேட்கும்போதே உருண்டையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். முகமே குழியாகிவிடும் என்று பயந்து ஆபரேஷனைத் தள்ளிப்போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதன்பிறகுதான் எங்கள் வேலை. ஆல்ஜினேட்டில் அச்செடுத்து, மெழுகில் வடித்து, இமைக்குள் வைத்துப் பார்த்துச் செதுக்குவோம். பல் செட் செய்த கைக்கு இதுவரை சிரமமில்லை. நிறம்தான் என்னைத் திணறடித்தது. வெயிலில் உழைத்தவரின் வெள்ளைவிழி வெள்ளையாக இருக்காது. ஓரத்தில் மஞ்சள், மூலையில் மண்பழுப்பு, அங்கங்கே திட்டு. கடையில் கிடைக்கும் ரெடிமேட் கண்ணின் பளீர் வெள்ளை அந்த முகத்தில் தனித்துத் தெரிந்துவிடும். சிவப்புப் பட்டு நூலைப் பிரித்து, இழை இழையாக ஒட்டி ரத்த நாளம் செய்வோம். நம்மவர்களின் கண்மணியைச் சுற்றியுள்ள வட்டத்தைக் கறுப்பு என்று நினைத்திருந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் நடுவில் தேன் நிற வளையம், வெளியே அடர்பழுப்பு, விளிம்பு வெள்ளையோடு மெல்லக் கரைந்திருக்கும். அந்த விளிம்பைக் கோடாக வரைந்தால் பொம்மைக் கண். மேலே தெளிந்த அக்ரிலிக் பூசி, கொதிநீரில் இறுக்கி, பாலிஷ் போட்டால் முடிந்தது.

வானூர் பக்கத்து ஆயா ஒருவர் கண்ணைப் பொருத்தியதும், "இதுல பார்வ வருமா தம்பி?" என்றார். "வராது ஆயா" என்று சொன்னேன். இதை மழுப்பக் கூடாது என்பது மாஸ்டரின் கண்டிப்பு. "இருக்கிற ஒத்தக் கண்ண இனிமே காப்பாத்தணும். வயலுக்குப் போனா கண்ணாடி போடாமப் போவாதீங்க" என்றும் சொன்னேன். உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி அவருக்கு அந்தச் செயற்கைக் கண்ணைவிட முக்கியம்.

கண்ணில் தாளோ சோகையோ பட்டால் தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் விடாதீர்கள். மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு வாங்காதீர்கள். அது பூஞ்சைக்குத்தான் தீனி. அன்றைக்கே கோரிமேடு ஜிப்மருக்கோ தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். கண்ணை எடுத்துவிட்டவர்கள், ஆபரேஷன் முடிந்து ஆறு முதல் எட்டு வாரத்தில், புண் ஆறியதும் செயற்கைக் கண்ணுக்கு வாருங்கள். அதுவரை மருத்துவர் இமைக்குள் வைத்த பிளாஸ்டிக் வில்லையைக் கழற்றி எறியாதீர்கள். அது இல்லாமல் இடம் சுருங்கிவிட்டால், கண் பொருத்த இன்னொரு ஆபரேஷன் தேவைப்படும்.