கைபடாத குப்பி

என் தந்தையாருக்கு நீரிழிவு. நாள்தோறும் காலையில், பள்ளிக்குப் புறப்படுமுன், அவருக்கு இன்சுலின் ஊசி போடுவது என் கடமை. சின்னஞ்சிறு கண்ணாடிக் குப்பி. அதில் அடங்கியிருக்கிறது ஓர் உயிர்! அதைக் கையிலெடுக்கும்போதெல்லாம் தமக்கையாரின் நினைவு வரும். மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் குப்பிகளை அட்டைப்பெட்டியில் அடுக்குவது அவர் வேலை. நாளெல்லாம் நின்று, கால் வீங்கி வீடு திரும்புவார்.

ஒரு மாலை, கலங்கிய முகத்துடன் வந்தார். "தம்பி! பெட்டியில அடுக்க மிஷின் கை வரப்போகுதாம். விஞ்ஞானம் வாழ்கன்னு பேசுறியே, இதுக்கு என்ன சொல்றே?" என்றார்.

விடை உடனே வரவில்லை. படித்தேன், எண்ணினேன்.

விழுங்கும் மாத்திரை வேறு, ஊசிமருந்து வேறு. ஊசிமுனை வழியே உடலுக்குள் நேரே புகும் கிருமிக்குத் தடை ஏது? 2012ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் தயாரான ஊசிமருந்து ஒன்றில் பூஞ்சை கலந்துவிட்டது. வலி தீர அதை முதுகெலும்பருகே ஏற்றிக்கொண்டோர் பலரை மூளையுறை அழற்சி பற்றியது. நோயுற்றோர் 750 பேருக்கு மேல். மாண்டோர் 60 பேருக்கு மேல். நலம் நாடி வந்தவர்க்கு நஞ்சு!

மருந்து நிரப்பும் அறைக்குள் மாசு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் மனிதனிடமிருந்து! தோலிலிருந்து துகள் ஓயாது உதிர்கிறது. குளித்து வந்தவனிடமும் உதிரும், கோடீசுவரனிடமும் உதிரும், பிறவியிலேயே தூயவன் யான் என்று மார்தட்டுவோனிடமும் உதிரும்! விஞ்ஞானம் தூய்மையைக் குலத்தால் அளப்பதில்லை, எண்ணிக்கையால் அளக்கிறது. குப்பி திறந்திருக்கும் இடத்தில், ஒரு கன மீட்டர் காற்றில், அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 3,520க்கு மிகலாகாது என்கிறது ஐரோப்பிய விதி. 2022இல் திருத்தப்பட்டு 2023இல் நடைமுறைக்கு வந்த அவ்விதி, மனிதத் தலையீட்டைக் குறைக்க இயந்திரக் கைகளையும் எண்ணிப் பார்க்கச் சொல்கிறது.

கனடாவின் பர்னபி நகரில் தோன்றிய வான்ரக்ஸ் நிறுவனம் அத்தகைய பொறி ஒன்றைச் செய்தது. முற்றும் மூடிய அறை; ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவியால் உள்ளே கிருமி ஒழிப்பு; வெளியிலிருந்து கைநுழைக்கும் கையுறைத் துளையும் இல்லை. குப்பிகளை ஏந்தி, நிரப்ப வைத்து, மூடச் செய்வது இயந்திரக் கையே.

அக்காவிடம் சொன்னேன்: "நிரப்பும் அறையிலிருந்து மனிதன் விலகட்டும், அக்கா. அப்பாவைப் போன்றோரின் உயிருக்கு அது காப்பு. ஆனால், உங்கள் கைக்கு வருவது மூடி முத்திரையிட்ட குப்பி. உங்கள் கையால் அதற்கு மாசில்லை. அங்கே பொறி வருவது தூய்மைக்காக அன்று, வேகத்துக்காக, இலாபத்துக்காக. இரண்டையும் ஒன்றெனக் காட்டி ஏமாற்ற இடங்கொடாதீர்கள்!"

"அப்படின்னா மிஷின் வேண்டாங்கிறியா?"

"இல்லை. உங்கள் கால்வீக்கம் போகவேண்டாமா?"

1920இல் செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாப்பெக் தம் நாடகத்தின் மூலம் உலகுக்களித்த சொல் 'ரோபோட்'. கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் சொல்லிலிருந்து பிறந்தது அது. கட்டாய உழைப்பைப் பொறி சுமக்கட்டும்! ஆனால் சுமை இறங்கும்போது சோறும் பறிபோகலாமா? பொறியை இயக்கவும் பழுது பார்க்கவும் பயிற்சி, அங்கே உழைத்தவர்க்கே முதலில். மிச்சமாகும் நேரத்தில் பங்கு அவர்களுக்கும். தொழிலாளர் சங்கம் கேட்க வேண்டியது இது.

அக்கா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நான் எட்டாவதோட நின்னவ. எனக்கு அந்தப் படிப்பு வருமா, தம்பி?" என்றார்.

இப்போது இரவுதோறும் எங்கள் வீட்டில் ஒரு வகுப்பு நடக்கிறது. மாணவி ஒருவர்தான், என்னினும் மூத்தவர். மின்சாரப் பாடம் தொடங்கியிருக்கிறோம். சங்கத்தின் கோரிக்கை மனுவில் முதல் கையெழுத்தும் அவருடையதே.

தோழர்களே! குப்பியில் கைபடாதிருப்பது அறிவு. அதை அடுக்கியவர் வயிற்றில் அடிபடாதிருப்பது அறம். நமக்கு இரண்டும் வேண்டும்.