'சா' என்றொரு ஃபோல்டர்

பத்து வருடமாகச் சேர்ந்த ஸ்கேன்கள், படங்கள், குறிப்புகள் எல்லாம் ஒரே ஃபோல்டரில் குவிந்து கிடந்தன. அவற்றைப் பிரித்து அடுக்க பைத்தானில் சின்னதாக ஒரு நிரல் எழுதினேன். பெயரின் கடைசியில் வரும் எக்ஸ்டென்ஷனைப் பார்த்து, பிடிஎஃப் என்றால் ஒரு ஃபோல்டர், ஜேபிஜி என்றால் இன்னொன்று. இரவு ஓடவிட்டுக் காலையில் பார்த்தால், நான் எதிர்பார்க்காத மூன்று ஃபோல்டர்கள்: 'சா', 'வ', 'பிச்சமூர்த்தி'.

ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கோப்பு. 'உ.வே.சா', 'மு.வ', 'ந.பிச்சமூர்த்தி' என்று பெயரிட்டு, எக்ஸ்டென்ஷன் எதுவும் சேர்க்காமல் லினக்ஸில் வைத்திருந்த வாசிப்புக் குறிப்புகள் அவை. நிரல் கடைசிப் புள்ளியைத் தேடிப்போய் அங்கே வெட்டியிருந்தது. உத்தமதானபுரமும் வேங்கடசுப்பையரும் ஒரு பக்கம், சாமிநாதையர் மறுபக்கம். திருத்துவதற்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் ஒரு புள்ளிக்கு இந்த அதிகாரத்தை யார் கொடுத்தார்கள் என்ற கேள்வி என்னை விடவில்லை.

நான் கூப்பிட்டது பைத்தானின் 'ஸ்ப்ளிட்எக்ஸ்ட்' என்ற செயற்கூறை. அதன் நிரலைத் திறந்து படித்தேன். முதலில் கடைசிச் சாய்கோட்டைத் தேடுகிறது, அதற்கு அப்புறம்தான் கடைசிப் புள்ளி. இந்த வரிசை முக்கியம். 'கணக்கு.2019/வரவு' என்ற பாதையில் புள்ளியை மட்டும் தேடினால், ஃபோல்டரின் பெயரையே வெட்டிவிடுவோம். பெயரின் தொடக்கத்தில் நிற்கும் புள்ளிகளை அது கண்டுகொள்வதில்லை. 2008-இல் வந்த 2.6 பதிப்புக்கு முன்னால் இந்த நிதானம் இல்லை; '.பாஷ்ஆர்சி' என்று கொடுத்தால் பெயர் வெறுமை, முழுவதும் எக்ஸ்டென்ஷன் என்று சொல்லிவிடும்.

அங்கிருந்து லினக்ஸின் முன்னோடியான யுனிக்ஸ் இயங்குதளத்துக்குப் போனேன். பெல் ஆய்வகத்தில் 1969-இல் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் பிடிபி-7 கணினியில் தொடங்கியது. முதல் யுனிக்ஸில் பாதை என்பதே கிடையாது, இருக்கும் ஃபோல்டரில் உள்ள வெறும் பெயரைத்தான் சொல்ல முடியும் என்று ரிட்சியே பின்னாளில் எழுதியிருக்கிறார். சாய்கோடு போட்ட பாதைகள் பிடிபி-11-க்கு மாறிய பிறகு வந்தவை. 1979-இல் வெளிவந்த ஏழாம் பதிப்பில் ஒரு ஃபோல்டரைத் திறந்து பார்த்தால், ஒவ்வொரு கோப்புக்கும் 16 பைட்: கோப்பின் எண்ணுக்கு 2, பெயருக்கு 14. எக்ஸ்டென்ஷனுக்கென்று தனி இடம் இல்லை. 'சி' மொழிக் கோப்புக்குப் புள்ளி சி என்று முடிப்பது கம்பைலர் எதிர்பார்க்கும் வழக்கம். இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு அந்தப் புள்ளி பதினான்கு எழுத்துகளில் ஒன்று. அதே சமயம் சாய்கோடு எந்தப் பெயருக்குள்ளும் இருக்க முடியாது. பாதையைப் படித்துக்கொண்டே போகும் கெர்னல், ஒவ்வொரு சாய்கோட்டிலும் நின்று ஒரு ஃபோல்டருக்குள் இறங்கும். இறங்கியதும் சாய்கோட்டின் வேலை முடிந்துவிடும். வட்டில் அது எங்கும் எழுதப்படுவதில்லை.

அப்படியானால் எக்ஸ்டென்ஷன் யுனிக்ஸில் பிறந்ததில்லை. வேறு எங்கே?

தேடல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் பிடிபி-10-இல் போய் நின்றது. அந்தக் கணினியின் நினைவக அலகான 'சொல்' 36 பிட். எழுத்துக்கு 6 பிட் வீதம் சுருக்கினால் ஒரு சொல்லுக்குள் சரியாக 6 எழுத்து அடங்கும். அதுதான் கோப்பின் பெயர். அடுத்த சொல்லின் பாதி, 18 பிட், 3 எழுத்து. அதுதான் எக்ஸ்டென்ஷன். மூன்றெழுத்துப் பழக்கத்தின் வேரை இந்தக் கணக்கில் கண்டபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பெயருக்கு ஓர் அறை, எக்ஸ்டென்ஷனுக்கு ஓர் அறை. நடுவில் புள்ளி இல்லவே இல்லை! திரையில் காட்டும்போதும் மனிதர் தட்டச்சு செய்யும்போதும் மட்டும் வந்துபோகிற அடையாளம் அது.

கேரி கில்டால் 1974-இல் சிபி/எம் இயங்குதளத்தை எழுதியபோது டிஜிட்டல் நிறுவனக் கணினிகளின் பழக்கங்களை எடுத்துக்கொண்டார். கோப்புகளை நகலெடுக்கும் கட்டளைக்கு 'பிப்' என்ற பெயர்கூட அங்கிருந்து வந்ததுதான். அறைகளை மட்டும் பெரிதாக்கினார்: பெயருக்கு 8, எக்ஸ்டென்ஷனுக்கு 3. 1981-இல் ஐபிஎம் பிசியோடு வந்த டாஸ் இயங்குதளமும் அதே அளவை வைத்துக்கொண்டது. கோப்பு ஒன்றுக்கு 32 பைட் பதிவு, அதில் முதல் 11 பைட் பெயரும் எக்ஸ்டென்ஷனும், மிஞ்சும் இடத்தில் வெற்றிடக்குறி. அப்போதும் புள்ளி சேமிக்கப்படவில்லை.

அறைச் சுவர் இடிந்தது விண்டோஸ் 95-இல். நீளப் பெயர்கள் வந்தன. பெயர், புள்ளி, எக்ஸ்டென்ஷன் எல்லாம் 255 எழுத்து வரை நீளும் ஒரே சரமாயின. புள்ளி இங்கேயும் பெயருக்குள் ஓர் எழுத்தாகக் குடியேறியது. ஆனால் நிரல்கள் இரண்டு அறை இருப்பதாகவே நினைத்துக் கடைசிப் புள்ளியில் வெட்டிக்கொண்டிருந்தன. தெரிந்த எக்ஸ்டென்ஷன்களைக் கண்ணிலிருந்து மறைக்கும் வழக்கமும் தொடர்ந்தது. 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பி உலகமெங்கும் பரவிய காதல் கடித வைரஸ் இந்த வழக்கத்தில்தான் ஒளிந்துகொண்டது. அதன் பெயர் 'டிஎக்ஸ்டி' என்றும் அதன் பிறகு 'விபிஎஸ்' என்றும் இரண்டு புள்ளிகளோடு முடியும். கடைசித் துண்டு மறைக்கப்பட்ட திரைகளில் அது வெறும் உரைக் கோப்பாகத் தெரிந்தது. ஜனங்கள் நம்பித் திறந்தார்கள்.

சாய்கோட்டின் கதையை நான் தேடிப் போகவில்லை, வழியில் கிடைத்தது. டாஸ் 1983-இல் இரண்டாம் பதிப்பில்தான் ஃபோல்டர்களைக் கற்றுக்கொண்டது. அதற்குள் சாய்கோடு கட்டளைகளின் தெரிவுகளைக் குறிக்கப் பயன்பட்டுவந்ததால், பின்சாய்கோடு பாதைக்கு வந்தது. ஆஸ்கி அட்டவணையில் அதன் எண் 92. இது ஜப்பானியருக்குப் பெரிய தலைவலி. அவர்களுடைய ஷிஃப்ட்-ஜிஸ் குறிமுறையில் ஓர் எழுத்துக்கு இரண்டு பைட் வரலாம், இரண்டாவது பைட் 92 ஆகவும் இருக்கலாம். 'ஸோ' என்ற கத்தகானா எழுத்து அப்படிப்பட்டது. பைட் பைட்டாகத் தேடும் நிரல் அந்த எழுத்தின் நடுவிலேயே பாதையை வெட்டிவிடும்.

நம் எழுத்துக்கு அந்தக் கதி வரவில்லையே என்று யோசித்தபோது, 'உ.வே.சா' என்ற பெயரைப் பைட்டுகளாகப் பிரித்துப் பார்த்தேன். பதினேழு பைட். இரண்டு புள்ளிகளுக்கு 46, 46. மற்ற பதினைந்தும் 128-க்கு மேல். 1992 செப்டம்பரில் கென் தாம்ஸன் நியூ ஜெர்ஸியில் ஓர் உணவகத்து மேசையில், ராப் பைக் உடனிருக்க, யுடிஎஃப்-8 குறிமுறையை வரைந்தார். ஆஸ்கி அல்லாத எந்த எழுத்தின் எந்தப் பைட்டும் 128-க்குக் கீழே வராது என்பது அதன் விதி. கோப்புப் பாதைகள் உடையக்கூடாது என்ற கவலை அந்த வடிவத்துக்குள்ளேயே இருக்கிறது. சாய்கோடு 47. தமிழில் என்ன பெயர் வைத்தாலும் எந்த எழுத்துக்குள்ளும் 47 எட்டிப்பார்க்காது. சாய்கோட்டைப் பெயருக்குள் வரவிடாமல் பாதுகாத்த அதே மனிதர், இருபது வருடம் கழித்து நம் எழுத்துகளுக்கும் அந்தப் பாதுகாப்பைச் செய்துவைத்திருக்கிறார். அவரிடம் எனக்கு நன்றி உண்டு.

புள்ளிக்கு அப்படி ஒரு காவல் இல்லை. அட்டவணையில் சாய்கோட்டுக்குப் பக்கத்து வீடு, ஆனால் வெறும் எழுத்து. அது எக்ஸ்டென்ஷனா, ஒரு மனிதரின் தலைப்பெழுத்தா என்று பெயரை மட்டும் பார்த்து எந்தச் செயற்கூறாலும் சொல்ல முடியாது. ஆகவே என் நிரலில் நான் உண்மையில் பயன்படுத்தும் எக்ஸ்டென்ஷன்கள் பதினொன்றைப் பட்டியலாக எழுதினேன். பட்டியலில் இல்லாதது வந்தால் பெயரைத் தொடாதே, முதல் சில பைட்டுகளைப் படித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார். மறுபடி ஓடவிட்டேன். மூன்று குறிப்புக் கோப்புகளும் ஒரே இடத்தில் சேர்ந்தன. காலியாக நின்ற 'சா' ஃபோல்டரை அழித்தேன்.