கில்ட்டும் படங்கும்

ஐம்பது வயதைக் கடந்தபின் பாவாடை கட்டிக்கொண்டு கல்யாண வீட்டில் நின்றவன் என்று நண்பர்கள் இப்போது என்னை அறிமுகம் செய்துவைக்கிறார்கள். நடந்ததை நானே எழுதிவிடுவது நல்லது. முதலில் ஒரு திருத்தம். அது பாவாடை அல்ல, கில்ட். ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவரிடம் அதைப் பாவாடை என்று சொல்லிப் பாருங்கள். மன்னிப்பார், மறக்கமாட்டார்.

என் பள்ளித் தோழன் ஒருவன் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிளாஸ்கோ நகருக்குப் போனவன். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில், ஒரே லயத்தின் அடுத்தடுத்த காம்பிராக்களில் வளர்ந்தவர்கள் நாங்கள். அங்கே பிறந்த அவன் மகன் ஸ்கொட்டிஷ் பெண்ணொருத்தியை மணந்தான். விமானம் ஏற மறுத்துவிட்ட பாட்டிக்காக, அட்டனில் இரண்டாவது முறையாக ஒரு கல்யாண விருந்து. பெண்ணின் தகப்பனார் கில்ட்டோடு வந்திருந்தார். சம்பந்திக்கென்றும் ஒன்று கொண்டுவந்திருந்தார். தனியாகக் கட்டிக்கொள்ளத் தோழனுக்குக் கூச்சம். “நீயும் கட்டினால்தான் நானும் கட்டுவேன்” என்று அடம்பிடித்தான். அவருடைய மைத்துனரின் கில்ட் ஒன்று என் இடுப்புக்குப் பொருந்தித் தொலைத்தது.

மண்டபத்தின் பின்னறையில் நாங்கள் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு முயன்றோம். வேட்டி கட்டிப் பழகிய கைகள் அல்லவா? கொசுவம் முன்னால் வருவதுதான் எங்களுக்குத் தெரிந்த முறை. மடிப்புகள் அத்தனையும் வயிற்றுக்கு நேரே விசிறிபோல விரிய, வாரைப் பூட்டிக்கொண்டு நின்றோம். அப்போது தோழனின் தாயார் உள்ளே வந்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்தெடுத்தவர். நான் அத்தை என்று அழைப்பவர். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

“என்னாப்பா தம்பி, படங்கைத் திருப்பிக் கட்டியிருக்கீங்க? முன்னால தட்டையா வரணும். சுருக்கமெல்லாம் பின்னுக்குப் போகட்டும்” என்றார்.

சற்று நேரத்தில் வந்த பெண்ணின் தகப்பனார் சொன்னதும் அதுவேதான், ஒரு சொல் மாறாமல்.

மலையகத்துக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். படங்கு என்பது கொழுந்தெடுக்கும் பெண்கள் சேலைக்கு மேலாக இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் தடித்த துணி. எங்கள் காலத்தில் பெரும்பாலும் சாக்கு. இன்று பல மலைகளில் பிளாஸ்டிக் விரிப்பு. அதிகாலைப் பனியில் நனைந்த தேயிலைச் செடிகளுக்குள் இடுப்பளவு இறங்கி நிற்பவளுக்கு அதுதான் கவசம். வாதுகள் சேலையைக் கிழிக்காமலும், ஈரம் உடம்பில் இறங்காமலும் காப்பது அது.

இனி, கில்ட்டை முறையாகக் கட்டும் விதம். அன்று கற்றுக்கொண்டதை எழுதிவைக்கிறேன், யாருக்காவது பயன்படலாம்.

காற்சட்டையைப் போல் அதை இடுப்பெலும்பில் நிறுத்தக்கூடாது. தொப்புள் மட்டத்துக்கு ஏற்றிக் கட்டவேண்டும். கீழ் விளிம்பு முழங்காலின் நடுவில் நிற்கவேண்டும். முழங்காலிட்டுப் பார்த்தால், விளிம்பு தரையைத் தொட்டும் தொடாமலும் இருப்பது சரியான அளவு. உள்முகப்பை இடப்பக்கமாகக் கொண்டுபோய், அங்குள்ள துளை வழியே வாரை நுழைத்துப் பூட்டவேண்டும். பிறகு வெளிமுகப்பை வலப்பக்கமாகக் கொண்டுவந்து பூட்டவேண்டும். வலது கீழ்மூலையில் குத்தும் ஊசி வெளித்துணியில் மட்டுமே ஏறவேண்டும். இரண்டு துணிகளையும் சேர்த்துக் குத்தினால் நடையில் துணி இழுபட்டுக் கிழியும். காலுறையின் மடிப்பு முழங்காலுக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே நிற்கவேண்டும். உட்காரும்போது பின்மடிப்புகளைப் புறங்கையால் ஒருமுறை வருடிவிட்டு உட்காரவேண்டும். சேலையில் நம் பெண்கள் செய்வதேதான்.

முழு கில்ட் ஒன்றுக்குச் சுமார் 8 கஜம் கம்பளித்துணி செல்கிறது. சேலையைவிட அதிகம். அவ்வளவும் பின்மடிப்புகளில் ஒடுங்கியிருப்பதால் கனமாக இருக்கும். ஆனால் தொப்புள் மட்டத்தில் இறுகப் பூட்டியபின் அந்தக் கனம் தெரியவில்லை. முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது. அட்டனின் மாலைக்குளிருக்கு அதைவிட இதமான உடையை நான் உடுத்தியதில்லை.

கில்ட்டுக்குப் பை கிடையாது. அதனால்தான் ஸ்போரன். தோல்வாரிலோ சங்கிலியிலோ கோத்து, இடுப்புக்கு முன்னால் தொங்கவிடும் பை அது. பகல்வேளைக்கு வெறுந்தோல், இரவு விருந்துக்கு உரோமம் வைத்தது. அரைக்கச்சையின் பூட்டுக்கு ஒரு சாண் கீழே இறக்கிவிட்டேன். நடக்க நடக்க அது தொடையில் இடித்தது. மூன்று நான்கு விரற்கடை கீழே நின்றால் போதும் என்று சம்பந்தி தூக்கிக் கட்டினார். ஆட்டத்துக்கு எழும்போது அதை இடுப்பின் பக்கவாட்டுக்குத் தள்ளிவிடவேண்டும் என்றும் சொன்னார். அத்தை சிரித்துக்கொண்டே தம் இடுப்பிலிருந்த சுருக்குப்பையைத் தொட்டுக் காட்டினார். வெற்றிலையும் சில்லறையும் வைத்திருக்கும் அந்தப் பை எப்போதும் இடப்பக்கந்தான் இருக்கும். குனியும்போது இடிக்காது என்பதே காரணம்.

துரைமார் மலைக்குக் கில்ட் அணிந்து வந்ததாக யாரும் எண்ணிவிட வேண்டாம். அரைக்காற்சட்டையும் தொப்பியுமே அவர்களுடைய வேலையுடுப்பு. ஆனால் அவர்களில் பெரும்பங்கினர் ஸ்கொட்லாந்துக்காரர்கள். 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், 1852இல் அங்கிருந்து வந்தவர். எங்கள் தோட்டங்களின் பெயர்களே அதற்குச் சாட்சி. தலவாக்கலையில் ஹோலிரூட், நானுஓயாவில் எடின்பரோ, பூண்டுலோயாவில் டன்சினன். அட்டன் என்பதும் அபர்டீன் பக்கத்து ஊர்ப்பெயரே. அக்கரப்பத்தனையில் கிளாஸ்கோ என்றே ஒரு தோட்டம் உண்டு. ஒரு கிளாஸ்கோவின் அருகில் பிறந்து இன்னொரு கிளாஸ்கோவில் பிழைத்தவன் என் தோழன்.

பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. கில்ட் ஒருகாலத்தில் குற்றமாக இருந்த உடை. 1746இல் கலோடன் போர்க்களத்தில் மலைநாட்டார் தோற்றபின், அவர்களுடைய உடையைத் தடைசெய்து பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. முதற்குற்றத்துக்கு ஆறுமாதச் சிறை. மறுபடியும் பிடிபட்டால், கடல்கடந்த தோட்டக் குடியேற்றங்களுக்கு ஏழாண்டு நாடுகடத்தல். 1782இல் தடை நீங்கியது. 1822இல் எடின்பரோவுக்கு வந்த நான்காம் ஜோர்ஜ் மன்னரே கில்ட் அணிந்தார். அதன்பின் அது மலைநாட்டாரின் உடையாக மட்டும் நிற்கவில்லை; ஒரு தேசத்தின் உடையாயிற்று. இன்று கோட்டும் கழுத்துப்பட்டியும் கட்டாயமான விருந்துகளுக்கும் கில்ட் தாராளமாகச் செல்லும்.

நம் வேட்டிக்கும் ஒரு வழக்கு நடந்தது. 2014 ஜூலையில், வேட்டியுடன் வந்த உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரைச் சென்னையில் கிரிக்கெட் மன்றமொன்று உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே தமிழக சட்டமன்றம் அத்தகைய தடைக்கு எதிராகச் சட்டம் நிறைவேற்றியது. கில்ட்டுக்கு ஒரு மன்னர் வந்தார். வேட்டிக்கு ஒரு சட்டமன்றம் வந்தது.

படங்குக்கு யார் வந்தார்?

இதை எழுதும் தகுதி எனக்குக் குறைவு. அந்த வழக்கில் நானும் எதிர்த்தரப்பில் நின்றவன். எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, நான் மறந்துவிட்டுப் போன கொப்பியைக் கொடுப்பதற்காக அம்மா மலையிலிருந்து நேரே பாடசாலைக்கு வந்தார். இடுப்பில் ஈரப் படங்கு. தேயிலைக் கறை படிந்து, ஓரங்கள் நைந்து, கயிற்றால் இறுக்கிக் கட்டியது. வகுப்பில் யாரோ சிரித்தார்கள். அன்று மாலை அம்மாவிடம் கேட்டேன்: “அதை அவுத்துட்டு வந்தா என்னா?” அம்மா பதில் சொல்லவில்லை.

அடுத்தமுறை வந்தபோது படங்கு இல்லை. பாடசாலை வாசலுக்கு அப்பால் ஒரு செடி மறைவில் அதை மடித்து வைத்துவிட்டு வந்திருந்தார் என்பதைப் பிறகு அறிந்தேன். மலையில் இருந்தவரை அவருக்கு அது கவசம். மகனுக்கு முன்னால் அது ஒளித்துவைக்கவேண்டிய பொருளாகிவிட்டது. அப்படி ஆக்கியவன் துரையல்ல, கங்காணியல்ல.

தேயிலைப் பொட்டலங்களில் அச்சாகும் பெண்களைப் பாருங்கள். பளிச்சென்ற சேலை, நெற்றியில் பொட்டு, புன்னகை. படங்கை மட்டும் காணமுடியாது. படம் எடுப்பவரைக் குறைசொல்ல என் வாய் வரவில்லை. அவருக்கு முன்பே நான் அதை அவிழ்க்கச் சொன்னவன்.

விருந்து முடிந்து கில்ட்டை மடித்துக் கொடுத்தபோது, சம்பந்தி தாம் அணிந்திருந்ததைத் தடவிக்காட்டினார். அவருடைய தகப்பனார் கட்டியதாம். இடுப்பளவுக்கு ஏற்ப வாரை மட்டும் நகர்த்தித் தைத்துக்கொண்டாராம். பிறகு மகனுக்குப் போகும் என்றார். அத்தைக்கு இதைத் தமிழில் சொன்னோம். “நல்லதுதானே, அப்பன் கட்டினது” என்றார். சற்றுநேரம் கழித்து, “நம்ம படங்கையெல்லாம் யாரு எடுத்து வச்சாங்க? அடுப்படிக்கும் வாசப்படிக்கும் மிதியடியாப் போட்டாச்சு” என்றார்.

உண்மைதான். அம்மாவின் சுருக்குப்பை என் அலுமாரியில் இருக்கிறது. படங்கு இல்லை. அம்மா வேலையிலிருந்து நின்ற அன்று அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை.

கில்ட் கட்டிய என்னுடைய படத்தை நண்பர்கள் ஏற்கெனவே ஊர்முழுக்கப் பரப்பிவிட்டார்கள். பார்த்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். உங்களில் யாரிடமாவது, படங்கு கட்டிய தாயின் படமோ பாட்டியின் படமோ இருந்தால், அதை எடுத்துச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுங்கள். என் வீட்டுச் சுவரில் அதற்கென ஒதுக்கிய இடம் வெறுமையாகவே இருக்கிறது.