வெயிலில் காய வேண்டிய துணி

விழுப்புரம் மாவட்டத்தில் ஆரோவில்லைச் சுற்றியுள்ள கிராமங்களில், துவைத்துப் பயன்படுத்தும் மாதவிடாய்த் துணி நாப்கின் தைப்பது பெண்களுக்கு வருமானம் தரும் வேலையாக இருக்கிறது. ஆரோவில்லில் 2010இல் தொடங்கிய ‘எகோ ஃபெம்’ இதற்கு முன்னோடி. அந்தப் பக்கத்தில் இதே வேலையைச் செய்யும் ஒரு சிறு தையல் கூடத்தில் ஒரு பகல் முழுக்க இருந்தேன்.

இங்கே வேலை துவைப்பதில் தொடங்குகிறது. பருத்தி முதல் தண்ணீரில் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் ஓரம் இழுத்துக்கொள்ளும். அதனால் துணியை நனைத்து, காயவைத்து, தேய்த்த பிறகே கட்டிங் மேசைக்குக் கொண்டுவருகிறார்கள். உடம்பில் படும் பக்கம் மெத்தென்ற பருத்தி ஃபிளானல். நடுவில் ஈரத்தை உறிஞ்ச அதே துணி பல அடுக்குகளாக. அடியில், கசியாமல் இருக்க பாலியூரித்தேன் பூச்சு கொடுத்த துணி.

இந்த அடித்துணிதான் தையல்காரரைச் சோதிக்கிறது. “பிளவுஸ்ல தப்பு வந்தா பிரிச்சுத் தைக்கலாம் மேடம். இதுல பிரிச்சா ஊசி ஓட்டை அப்படியே நின்னுடும். ஈரம் அந்த வழியாத்தான் இறங்கும்” என்றார், பல வருஷம் ஏற்றுமதி கம்பெனியில் தைத்துவிட்டு இங்கே வந்தவர். நடுப்பகுதியில் குண்டூசிகூடக் குத்துவதில்லை. ஓரங்களைக் கிளிப் போட்டுப் பிடித்துக்கொள்கிறார்கள். வளைவுகளில் தையலுக்கு வெளியே விட்ட துணியைச் சின்னச் சின்னதாக வெட்டிவிட்டால்தான், உள்பக்கத்தைத் திருப்பும்போது சுருக்கம் விழாது. திருப்பியதும் ஓரத்தை ஒட்டி மேல்தையல் ஒன்று. கடைசியில் இரண்டு இறக்கைகளிலும் டிச் பட்டன். உட்கார்ந்து எழும்போது தொடையில் உறுத்துகிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் மடிக்கிறார்கள்.

மாதம் ஐந்து நாள், நாளுக்கு மூன்று என்று வைத்தால் வருஷத்துக்கு ஒருத்திக்கு 180 நாப்கின். 35 வருஷத்தில் 6,300. கடையில் வாங்கும் நாப்கின்களில் பெரும்பாலானவற்றில் பிளாஸ்டிக் தாளும், ஈரத்தை உறிஞ்சிக் கூழாக்கும் பாலிமரும் இருக்கின்றன. இவை மக்குவதில்லை. பயன்படுத்திய நாப்கினை நன்றாகச் சுற்றி, மக்காத குப்பையோடு கொடுக்க வேண்டும் என்றன 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள். அப்படிக் கொடுக்காத வீட்டுக் குப்பையிலிருந்து அதைக் கையால் பொறுக்கிப் பிரிப்பவர் தூய்மைப் பணியாளர். நன்றாகத் தைத்த துணி நாப்கின் 75 முறை துவைத்தாலும் தாங்கும். ஒவ்வொன்றுக்கும் மாதம் ஒரு முறை வேலை என்றால் ஆறு வருஷத்துக்கு மேல் வரும்.

ஆனால் துணி என்றதும் பல பெண்கள் முகம் சுளிக்கிறார்கள். காரணம் கேட்டேன். கூடத்திலேயே மூத்தவரான அக்கா சொன்னார்: “எங்கம்மா காலத்துல மாட்டுக் கொட்டாய்ல, பாவாடைக்கு அடியில மறைச்சுக் காயப் போடுவாங்க. முழுசாக் காயவே காயாது. அந்த ஈரத்தையே மறுபடி கட்டிக்குவாங்க. அப்புறம் அரிப்பு, புண்ணு.” பழைய சேலைத் துணி மீது நாம் சுமத்திய பழியெல்லாம் உண்மையில் அந்த இருட்டுக்கு உரியது. குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, சோப்புப் போட்டு அலசி, நல்ல வெயிலில் மொடமொடவென்று காயவைத்த துணியில் அசுத்தம் எதுவும் இல்லை.

அந்த அக்கா இப்போது மொட்டை மாடிக் கொடியில், துண்டுக்குப் பக்கத்திலேயே போடுகிறார். மாமியார் முதலில் முணுமுணுத்தாராம். “நான் நாள் பூரா தைக்கிறதே இதைத்தான் அத்தை, இதுல என்ன வெக்கம்னு கேட்டேன். அப்புறம் ஒண்ணும் சொல்லல.” நாலு பேருக்கு முன்னால் இதைத் தைப்பதும், எண்ணுவதும், கூலி வாங்குவதும் அவருக்கு அந்தத் துணிச்சலைக் கொடுத்திருக்கின்றன. அன்று நான் பார்த்தவற்றில் எனக்கு மிகப் பெரிதாகப் பட்டது அதுதான்.

எல்லாருக்கும் இது பொருந்திவிடாது. குடத்துத் தண்ணீரை அளந்து செலவிடும் வீட்டில் துவைப்பது பாரம். ஒரு துணி நாப்கினின் விலைக்குக் கடையில் ஒரு பாக்கெட்டே கிடைக்கும்; ஆறு வருஷத்துப் பலனுக்கு இன்றே பணம் எடுத்து வைக்க எல்லாராலும் முடியாது. 2012இல் தமிழக அரசு ‘புது யுகம்’ திட்டத்தில் இலவச நாப்கின் கொடுத்தது, கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்கு உண்மையாகவே உதவியது. எதைப் பயன்படுத்துவது என்பதை அந்தந்தப் பெண்தான் முடிவு செய்ய வேண்டும். அப்படி முடிவு செய்ய இரண்டும் அவள் கைக்கு எட்ட வேண்டும்.

இலவச நாப்கினோடு, விரும்பிக் கேட்கும் பிள்ளைகளுக்குத் துணி நாப்கினும் கொடுக்கலாம். அதை மகளிர் சுயஉதவிக் குழுக்களிடமிருந்தே வாங்கலாம். பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வர வேண்டும். பெண்கள் விடுதி ஒவ்வொன்றிலும் வெயில் படும் இடத்தில் ஒரு கொடி கட்ட வேண்டும். கசியாமல் தைக்கும் வித்தையை இந்தப் பெண்கள் கற்றுத் தேர்ந்துவிட்டார்கள். அந்தக் கொடியைக் கட்டுவது நம் வேலை.