தோழியின் கோயிலில் ஒரு ஞாயிறு

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறன்று நான் கோயிலுக்குப் போனேன். "இதென்ன அதிசயம்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. போனது நம் கோயிலுக்கு அல்ல. தாராபுரத்தில் ஒரு தென்னிந்தியத் திருச்சபைக் கோயிலுக்கு. நாம் சி.எஸ்.ஐ. என்கிறோமே, அதுதான்.

குண்டடத்தில் எங்கள் பக்கத்து வீட்டுத் தோழிக்கு அன்று திடப்படுத்தல். அவள் அம்மாவும் என் அம்மாவும் ஒரே பனியன் கம்பெனிக்கு ஒரே வேனில் போய் வருகிறவர்கள். "நீ வராவிட்டால் உன்னோடு பேசவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

அமுச்சிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. "நான் சின்னப் புள்ளையா இருக்கறப்ப அந்தக் கோயிலுக்குள்ள கால் வெச்சாலே பாவம்னு சொல்லுவாங்க கண்ணு" என்றார். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு அந்தப் பேச்சு மாறிவிட்டதை எங்கள் சிஸ்டர்தான் விளக்கினார். "தாராளமாகப் போ. பாடு, செபி. திருவிருந்து வாங்க மட்டும் போகாதே, உன் இடத்திலேயே இரு" என்றார். இதைத் தோழியிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவள் முகம் வாடுமே என்று தள்ளிப்போட்டேன்.

முதல் குழப்பம் வாசலிலேயே வந்தது. "முதலில் எங்கள் ஆயர் வருவார், பின்னாலேயே பேராயர் வருவார்" என்றாள். இவ்வளவு சிறிய கோயிலுக்கு இத்தனை பெரியவர்களா என்று மலைத்துப்போனேன். நமக்கு ஆயர் என்றால் மேற்றிராணியார் அல்லவா! அவர்களுக்கோ ஆயர் என்பவர் பங்குச் சுவாமியார்; பேராயர் என்பவரே மேற்றிராணியார். அமுச்சி இன்றும் இராயப்பர், சின்னப்பர் என்றுதான் சொல்வார். அவர்கள் பேதுரு, பவுல் என்கிறார்கள். ஒரே ஆட்கள்தாம்.

உள்ளே போனதும் கை தானாகத் தீர்த்தத் தொட்டியைத் தேடியது. தொட்டி இல்லை. சுரூபங்களும் இல்லை, பீடத்தின் மேல் வெறும் சிலுவை மட்டும். பழக்கதோஷத்தில் ஒரு முழங்காலை மடித்து வணங்கினேன்; முன்வரிசைக் குழந்தை ஒன்று என்னைப் பார்த்துச் சிரித்தது. ஆராதனை தொடங்கியபின் எனக்கு வியப்பு வேறு விதமாக வந்தது. பாவ அறிக்கை, வாசகங்கள், பிரசங்கம், விசுவாசப் பிரமாணம், காணிக்கை — எல்லாம் நம் பூசையின் வரிசைதான்! பிரசங்கம் மட்டும் நம்முடையதைவிட நீளம். பாமாலை என்று மேல்நாட்டு மெட்டில் பாடினார்கள். கீர்த்தனை என்று இராகத்தோடும் தாளத்தோடும் பாடினார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை நம் வீட்டு விழாக்களிலும் கேட்டிருப்பீர்கள்.

கர்த்தர் கற்பித்த செபத்தில்தான் மாட்டிக்கொண்டேன். செபமாலைப் பழக்கத்தில் நான் உரக்க "ஆமென்" சொல்லி நிறுத்த, கோயில் முழுவதும் மேலே போய்க்கொண்டிருந்தது. அவர்கள் செபம் நம்முடையதைவிட ஒரு வரி நீளம்.

இந்தத் திருச்சபை பிறந்த கதையும் சுவையானது. நாடு விடுதலை பெற்று ஆறு வாரங்களில், 1947 செப்டம்பர் 27 அன்று, சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன் சபையாரும், மெதடிஸ்ட் சபையாரும், தென்னிந்திய ஐக்கிய சபையாரும் ஒன்றானார்கள். பேராயர் முறை உள்ளவர்களும் இல்லாதவர்களும் இப்படி இணைந்தது உலகுக்கே புதிது. அமெரிக்காவில் ஆங்கிலிக்கன் குடும்பத்துச் சபைக்கு எபிஸ்கோப்பல் என்று பெயர். பேராயரை உடையது என்பதே பொருள். அங்கே போகிறவர்களும் ஏறக்குறைய இதே வரிசையைத்தான் காண்பார்கள்.

பேராயர் ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்துச் செபித்தார். நம் உறுதிபூசுதலைப்போல் எண்ணெய் பூசக் காணோம். பிறகு சமாதானம் பகிர்ந்தார்கள். அது நாம் கைகூப்புவதுபோல் அல்ல. பீடத்திலிருந்து புறப்பட்டு ஒருவர் கையை மற்றவர் இரு கைகளாலும் பொதிந்து பிடிக்க, வரிசை வரிசையாக என்னிடமும் வந்து சேர்ந்தது. எனக்குக் கொடுத்தவர் ஒரு பாட்டி. தறியோட்டிக் காய்த்த கை.

கிண்ணம் ஏந்தி நின்றவர் ஒரு பெண் ஆயர்! அந்தச் சபையில் 2013-இல் புஷ்பா லலிதா அம்மையார் நந்தியால் பேராயராகவே ஆனார் என்று பிறகு அறிந்தேன். (நம் சிஸ்டர்கள் இதைப் படித்துப் புன்னகைப்பார்களோ என்னவோ!)

திருவிருந்து தொடங்கியது. மற்றச் சபைகளில் நற்கருணை வாங்குகிறவர்களும் வரலாம் என்று ஆயர் அறிவித்தார். நான் நான்காம் வகுப்பிலேயே புதுநன்மை வாங்கியவள். தோழிக்கோ பதினைந்து வயதில் இதுதான் முதல் முறை. வெள்ளைப் பாவாடை தாவணியில் கிராதியருகே முழந்தாளிட்டவள் திரும்பி என்னைத் தேடினாள். பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

திரும்பும் பேருந்தில் அவள் சன்னல் வழியே காற்றாலைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். குண்டடம் வரும்வரை ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் போய், சிஸ்டர் சொன்னதையும் நான் மறைத்ததையும் சொன்னேன். "வராததற்கு நான் கோபப்படவில்லை. சொல்லியிருந்தால் நான் திரும்பிப் பார்த்திருக்க மாட்டேனே" என்றாள்.

கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசைக்கு அவள் எங்களோடு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன், நற்கருணை நேரத்தில் அவள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று. "தெரியும் போடி" என்றாள். அன்றிரவு அமுச்சிதான் அவளுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்தார்.