பைரவர் வாகனத்துக்கு எந்த மூட்டை வாங்குறது?

 

போன தேய்பிறை அஷ்டமி அன்னிக்கு பூஜை முடிஞ்சு நாங்கள் பிரசாதப் பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தோம். மூணு பேர் தனித்தனியா வந்து ஒரே கேள்வியைக் கேட்டாங்க. "அண்ணே, நாய்க்குக் கொடுக்க எந்த மூட்டை நல்லது? கடையில போனா இருபது வகை அடுக்கி வச்சிருக்கான், தலை சுத்துது." மூணு பேருக்கும் வாட்ஸ்அப்பில் எழுதுறதுக்குப் பதிலா இங்கேயே எழுதிடுறோம். கொஞ்சம் நீளமாப் போகும். பசியாறிட்டு உட்கார்ந்து படிங்க.

முதல்லயே சொல்லிடுறோம், நாங்கள் கால்நடை டாக்டர் இல்லை. எஸ்.பி.எம். முடிச்சிட்டு பாயான் லெப்பாஸ் பேக்டரியில் சேர்ந்து, லைனில் நின்னு, சூப்பர்வைசர் ஆனவங்க. ஒரு பொருள் உள்ளே வந்தா அதோட லாட் நம்பர் என்ன, எந்தத் தேதி, எந்த சப்ளையர், ஸ்பெக் ஷீட்டில் என்ன எழுதியிருக்கு, உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கிறதுதான் எங்க பிழைப்பு. ஆனா இருபது வருஷத்துக்கு முன்னாடி எங்க வீட்டு நாய்க்கு மட்டும் அதைப் பார்க்காம விட்டோம். அதனால்தான் இவ்வளவு நீளமா எழுதத் தோணுது.

அப்போ சூலியா தெருவில் மாடி வீடு. கீழே கடை, முன்னாடி காக்கி லீமா, பின்னாடி சந்து. ராஜான்னு ஒரு பழுப்பு நாய். கல்யாணமான புதுசில் வந்தவன். சோறு, மீன் தலைன்னு போட்டு வளர்த்தோம். பிறகு ரெண்டு பேரும் வேலைக்குப் போக ஆரம்பிச்சதும், சமைக்க நேரமில்லைன்னு காய்ந்த தீனிக்கு மாத்தினோம். கடையில் பெரிய மூட்டையைப் பிரிச்சு, ஒரு கிலோ ரெண்டு கிலோன்னு பிளாஸ்டிக் பையில் கட்டி வச்சிருப்பாங்க. அதுதான் மலிவு. வாங்கிட்டு வந்து பழைய பிஸ்கட் டின்னில் கொட்டிடுவோம். பை குப்பைக்குப் போயிடும்.

2004 ஆரம்பத்தில் ராஜா தண்ணியா குடிச்சான். அப்புறம் சாப்பாட்டைத் தொடலை. வாந்தி. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு, "ரெண்டு கிட்னியும் போச்சு" என்றார். ஒன்பது நாள் இருந்தான். அவனுக்கு அப்போ ஆறு வயசு கூட ஆகலை.

அடுத்த மாசமோ என்னவோ, பேப்பரில் செய்தி. தாய்லாந்து ஆலையில் செஞ்ச நாய்த் தீனியால் தாய்வான், கொரியா, நம்ம மலேசியான்னு பல நாட்டில் நாய்களுக்குக் கிட்னி கெட்டுப் போகுது, மூட்டைகளைத் திரும்ப எடுக்கிறாங்கன்னு. வீட்டுக்காரம்மா பேப்பரை மடிச்சு எங்க மடியில் போட்டுட்டு, "நம்மது எந்த மூட்டை?" என்று கேட்டாங்க. பதில் இல்லை. பை இல்லை, லாட் நம்பர் இல்லை, தேதி இல்லை. டின்னில் கால்வாசி தீனி மட்டும் இருந்தது. அது எந்தக் கம்பெனி என்று கூட எங்களால் சொல்ல முடியலை. பேக்டரியில் ஒரு சின்ன ஸ்க்ரூவுக்கு லாட் நம்பர் இல்லைன்னா நாங்கள் லைனையே நிறுத்துவோம். ராஜா அந்தத் தீனியால் போனானா, வேற காரணமான்னு இன்னிக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது.

அப்போ பூஞ்சைக் காளான் விஷம் என்று சொன்னாங்க. மூணு வருஷம் கழிச்சு, 2007இல், அமெரிக்காவிலும் கனடாவிலும் அதே மாதிரி நாய் பூனைகள் செத்துச்சு. தோண்டிப் பார்த்தா, சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்தது. ஆமாம், நம்ம சாப்பாட்டுத் தட்டு செய்யிற அதே மெலமைன்தான். அது கூட சயனூரிக் அமிலம் என்று இன்னொன்னும் சேர்ந்து கிட்னிக்குள்ளே கல் மாதிரி படிஞ்சிடுது. பிறகு 2004இல் செத்த நாய்களோட கிட்னியைப் பத்திரப்படுத்தி வச்சிருந்தவங்க திரும்பப் பார்த்தாங்க. அதிலும் அதே படிகம்.

ஏன் கலக்கணும்? இதைப் படிச்சப்போ பேக்டரிக்காரங்க எங்களுக்கு வயிறு எரிஞ்சது. புரதம் எவ்வளவுன்னு அளக்கிற வழக்கமான சோதனை, புரதத்தை நேரா அளக்காது. நைட்ரஜனை அளந்து கணக்குப் போடும். மெலமைனில் நைட்ரஜன் நிறைய. கொஞ்சம் கலந்தா மீட்டரில் புரதம் ஏறிடும், சரக்கு பாஸ். அடுத்த வருஷம் சீனாவில் குழந்தைப் பால் மாவிலும் இதே வேலை நடந்ததை நீங்கள் படிச்சிருப்பீங்க.

ஆக, மூட்டையில் புரதம் 30 சதவீதம் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கே, அதுவே போதுமான்னு கேட்டா, போதாது. யார் செஞ்சது, எங்கே செஞ்சது, லாட் நம்பர் உண்டா, ஏதாவது ஆச்சுன்னா யாரைக் கூப்பிடணும், இதெல்லாம் மூட்டையில் அச்சாகி இருக்கணும். பிரிச்சுக் கட்டின பை வேண்டவே வேண்டாம். அந்தப் பையில் என்ன நல்ல சரக்கு இருந்தாலும் அது அனாதைச் சரக்கு.

இனி ராஜாவை விட்டு கருப்பனுக்கு வர்றோம். கோயிலுக்கு வர்ற எல்லோருக்கும் அவனைத் தெரியும். 2015 செப்டம்பரில் பினாங்கில் வெறிநாய் நோய் வந்துச்சு, தெரு நாய்களைப் பிடிச்சுக் கொல்ல உத்தரவு போட்டாங்க. அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம், சூலியா தெருவில் பூட்டிக் கிடந்த ஒரு கடை வாசலில் கறுப்புக் குட்டி ஒன்னு, உள்ளங்கை அளவு. வீட்டுக்காரம்மா பூக்கூடையில் வச்சு மேலே ஒரு துண்டைப் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்துட்டாங்க. ராஜாவுக்கு அப்புறம் நாயே வேண்டாம்னு சொன்னவங்க அவங்கதான். ஊசி போட்டு, நகராண்மையில் லைசென்ஸ் எடுத்தோம். தீனி வாங்கப் போன முதல் நாள், கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு மூட்டையையும் திருப்பிப் படிச்சோம். கடைக்காரத் தவ்கே எங்களை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

நாங்கள் பார்க்கிற முதல் வரி, அது முழுச் சாப்பாடா, சும்மா தின்பண்டமா என்பது. 'முழுமையான, சமச்சீர் உணவு' என்ற பொருளில் மூட்டையில் எழுதியிருக்கும், எந்த வயசுக்குன்னும் இருக்கும். அமெரிக்காவில் ஏ.ஏ.எஃப்.சி.ஓ. என்ற அமைப்பு வச்சிருக்கிற அளவுப்படி, தண்ணியைக் கழிச்ச கணக்கில், பெரிய நாய்க்குக் குறைஞ்சது 18 சதவீதம் புரதம், குட்டிக்கு 22.5 சதவீதம். இந்த 'தண்ணியைக் கழிச்ச' என்பதில்தான் நம்ம ஆளுங்க ஏமாறுறாங்க. போன மாசம் ஒரு தம்பி கேட்டார், "டின் தீனியில 8 சதவீதம்தான் இருக்கு, மூட்டையில 21 இருக்கு, அப்போ டின் ஏமாத்து வேலைதானே?" இல்லை தம்பி. டின்னில் 80 சதவீதம் தண்ணி. மிச்சம் 20இல் 8 என்றால் 40 சதவீதம் ஆச்சு. மூட்டையில் தண்ணி 10தான். 90இல் 21 என்றால் 23 சொச்சம். கால்குலேட்டர் கைப்பேசியிலேயே இருக்கு.

அடுத்தது பொருள் பட்டியல். எது எடை அதிகமோ அதை முதல்ல எழுதணும் என்பது வழக்கம். இதில் ஒரு விளையாட்டு உண்டு. 'கோழி' என்று முதல்ல போட்டிருப்பான். பச்சைக் கோழியில் பாதிக்கு மேலே தண்ணி, சுட்டெடுக்கும்போது அது போயிடும். அப்புறம் அரிசி, நொய்யரிசி, அரிசி மாவு, தவிடு என்று தனித்தனியாப் பிரிச்சு எழுதியிருப்பான். கூட்டிப் பார்த்தா அரிசிதான் முதலாளி. அரிசி கெட்டது என்று சொல்லலை. ஓநாய்க்கு இல்லாத அளவு மாவுச்சத்தைச் செரிக்கிற வாகு நாய்க்கு உண்டு, 2013இல் சுவீடன் ஆராய்ச்சிக்காரங்க மரபணுவிலேயே அதைக் காட்டியிருக்காங்க. நம்ம கோயில் நாய்களைப் பார்த்தாலே தெரியும். ஆனா அரிசிக்குக் கோழி விலை கொடுக்காதீங்க. அதே மாதிரி, 'தானியமே இல்லை' என்று போட்டு ரெண்டு மடங்கு விலை வைக்கிற மூட்டைக்கும் ஓடாதீங்க. பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கு முன்னாடி வர்ற அந்த மாதிரித் தீனிக்கும் சில நாய்களுக்கு வந்த இதய வீக்கத்துக்கும் சம்பந்தம் இருக்கான்னு அமெரிக்க அரசு 2018இல் விசாரிக்க ஆரம்பிச்சது. அதுதான் காரணம் என்று முடிவாகலை. நாங்கள் தள்ளியே நிற்கிறோம்.

இன்னொன்னு, நம்ம பக்தர்களுக்கு முக்கியம். வெறும் 'இறைச்சித் தூள்' என்று எழுதியிருந்தா அதில் மாடும் இருக்கலாம். மாட்டிறைச்சியைக் கையால் தொட மனசு வராதவங்க, கோழி, மீன், ஆடு என்று பேர் சொல்லி எழுதியிருக்கிற மூட்டையை வாங்குங்க. பேர் சொல்லாத இறைச்சி தரத்துக்கும் நல்ல அறிகுறி இல்லை.

சைவ விஷயம் கொஞ்சம் சிக்கல். கோயிலுக்குள்ளே மாமிசத் தீனி கூடாது, நிர்வாகம் சொன்னது சரிதான். ஆனா வருஷக்கணக்கா தினமும் தயிர்ச் சோறு கொண்டு வந்து கருப்பனுக்கு ஊட்டுற ஒரு அக்கா இருக்காங்க. எங்களுக்கும் அவங்களுக்கும் போன வருஷம் வாக்குவாதமே வந்துடுச்சு.

"சாமி பிரசாதத்தை விஷம்னு சொல்றீங்களா?" என்று கேட்டாங்க.

"அய்யோ, இல்லைக்கா. தயிர்ச் சோறு மட்டும் வயித்தை நிரப்பும், உடம்புக்கு வேண்டிய மத்தது கிடைக்காது. அதோட அன்னதானத்துச் சாம்பார் சோறு சேர்ந்தா ஆபத்து."

சாம்பார் என்று சும்மா சொல்லலை. அதுக்கு முந்தின மாசம் அன்னதானத்தில் மிஞ்சின சாம்பார் சோத்தை யாரோ பாசமா ரெண்டு நாள் வச்சிருக்காங்க. சின்ன வெங்காயம் நிறைய. மூணாம் நாள் கருப்பன் எழுந்திருக்கலை, ஈறு வெளுத்துப் போச்சு, மூத்திரம் தேத்தண்ணி நிறம். டாக்டர் சொன்னார், வெங்காயமும் பூண்டும் நாயோட ரத்தச் சிவப்பணுவை உடைச்சிடும், சமைச்சாலும் அந்தக் குணம் போகாது. வீட்டுக்காரம்மா கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசலை. எங்களுக்கு ராஜா ஞாபகம். நாலு நாளில் பிழைச்சு வந்தான், பைரவர் புண்ணியம். சாக்லெட், திராட்சை, கிஸ்மிஸ் பழமும் கூடாதாம். பொங்கலில் கிஸ்மிஸ் இருக்கும், கவனிங்க.

அக்காவுக்கு இதைச் சொன்னோம். ரெண்டு வாரம் எங்ககூடப் பேசலை. அப்புறம் ஒரு நாள் வந்து, "தம்பி, மாமிசம் இல்லாத மூட்டை இருக்கா?" என்று கேட்டாங்க. இருக்கு. பூனை மாதிரி இல்லாம, நாய் சைவத்திலும் வாழ முடியும், ஆனா அது முழுச் சாப்பாடாச் செஞ்சதா இருக்கணும். டாக்டரைக் கேட்டு ஒன்னு வாங்கினோம். பழைய தீனியோட கொஞ்சம் கொஞ்சமாக் கலந்து ஒரு வாரத்தில் மாத்தினோம். ஒரே நாளில் மாத்தினா வயிறு போயிடும். இப்போ அக்கா அஷ்டமி அன்னிக்கு அந்தத் தீனியில் ஒரு கைப்பிடி, மேலே ஒரு ஸ்பூன் தயிர். வீட்டில் கருப்பன் மீன் தீனியே தின்கிறான், அது அக்காவுக்கும் தெரியும்.

பெரிய மூட்டை வாங்கினா கிலோவுக்கு ரெண்டு மூணு ரிங்கிட் மிச்சம்தான். ஆனா கணக்குப் பாருங்க. கருப்பன் 12 கிலோ, ஒரு நாளைக்கு 200 கிராம் போதும். 15 கிலோ மூட்டை 75 நாள் வரும். இந்தத் தீனியை வேகவச்சு உருட்டினதுக்கு அப்புறம் மேலே கொழுப்பைத் தெளிப்பாங்க, அந்த வாசனைக்குத்தான் நாய் ஓடி வருது. நம்ம ஊர்ப் புழுக்கத்தில் மூட்டையைத் திறந்துட்டா அந்தக் கொழுப்பு சிக்கு வாடை அடிச்சுப் போயிடும். திறந்தா ஒரு மாசத்தில் முடியிற மூட்டையை வாங்குங்க. டின்னில் கொட்டாதீங்க, பையோடவே டின்னுக்குள்ளே வச்சு மூடுங்க. அப்போதான் லாட் நம்பரும் தேதியும் கூடவே இருக்கும்.

வைக்கிற இடமும் சொல்லணும். முன்னாடி காக்கி லீமாவில் வைக்காதீங்க. தொழுகைக்குப் போற அண்டைவீட்டு மக்கள் அந்த வழியாத்தான் போறாங்க, நாய் எச்சில் பட்டா அவங்க கழுவிச் சுத்தம் செய்யணும். நாசி கண்டார் கடைக்காரர் இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கூட நம்மகிட்ட முகம் சுளிச்சதில்லை. அதனால் பின் சந்துதான், தின்னு முடிச்ச உடனே தட்டைக் கழுவிடணும்.

வர்ற அஷ்டமியிலிருந்து கோயில் பின் சந்து மாடிப்படிக்குக் கீழே ஒரு நீல டின் இருக்கும். மூடியில் திறந்த தேதி மார்க்கரில் எழுதியிருக்கும், பக்கத்தில் அளவுக் கப் ஒன்னு. ஒரு ஆளுக்கு அரைக் கப், அதுக்கு மேலே வேண்டாம், ஏன்னா அன்னிக்கு மட்டும் நாப்பது பேர் வருவீங்க. உபயமா மூட்டை வாங்கித் தர நினைக்கிறவங்க 3 கிலோ மூட்டையா, பிரிக்காததா, கோழியோ மீனோ பேர் சொல்லியிருக்கிறதா வாங்கிட்டு வாங்க. கோயிலுக்குள்ளே கொண்டு வராம சந்து வழியா எங்ககிட்ட கொடுங்க. ரசீதையும் சேர்த்துக் கொடுங்க, நாங்கள் நோட்டில் ஒட்டி வைக்கிறோம்.