ஒரே குத்து வீரனும் சைக்கிள் வீரனும்

ரிட்டையரான பிறகு நான் கற்றுக்கொண்ட புது விஷயங்களில் ஜப்பான் கார்ட்டூனும் ஒன்று. 'அனிமே' என்று சொல்ல வேண்டுமாம். கார்ட்டூன் என்றால் எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பேரனுக்குக் கோபம் வரும். அவனோடு உட்கார்ந்து நான் ரசித்துப் பார்த்தது 'ஒன் பஞ்ச் மேன்'.

கதாநாயகன் சைத்தாமா, மொட்டைத் தலை இளைஞன். தினமும் 100 தண்டால், 100 பஸ்கி, 10 கிலோமீட்டர் ஓட்டம் என்று மூன்று வருஷம் உடற்பயிற்சி செய்ததில் முடி போய், பலம் வந்துவிட்டது. எந்த அரக்கன் வந்தாலும் ஒரே குத்துதான். அதனாலேயே அவனுக்கு வாழ்க்கை போரடிக்கிறது. உலகத்தைக் காப்பாற்றும் அவசரத்திலும் கடையில் தள்ளுபடி விற்பனை முடிந்துவிடப் போகிறதே என்று கவலைப்படுகிறவன்! 2009-ல் 'ஒன்' என்ற புனைபெயரில் ஒருவர் இணையத்தில் வரைய ஆரம்பித்த கதை இது. 2015-ல் அனிமே ஆகி உலகம் முழுக்கப் பரவியது.

2020-ல் இதை வைத்து ஒரு சண்டை வீடியோ கேம் வந்தது. பெயர் 'எ ஹீரோ நோபடி நோஸ்', யாருக்கும் தெரியாத வீரன். பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் கிடைத்த பணத்தைச் சேர்த்து வைத்து, பழைய டிஸ்க் ஒன்றைப் பேரன் வாங்கி வந்தான். அந்த மாதம்தான் பள்ளி கிரிக்கெட் அணித் தேர்வில் அவன் பெயர் விட்டுப்போயிருந்தது. யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. யாராலும் தோற்கடிக்க முடியாத ஒருவனாக இரண்டு நாள் இருந்து பார்க்கலாம் என்று நினைத்தானோ என்னவோ!

விளையாட்டில் அணிக்கு மூன்று பேர். சைத்தாமாவைச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அவன் கதையில் போலவே தாமதமாகத்தான் வருவான். அதுவரை மற்ற இருவரும் அடி வாங்கித் தாக்குப்பிடிக்க வேண்டும். வந்துவிட்டால் ஒரே குத்து, ஆட்டம் முடிந்தது. முதல் தடவை பேரன் கைதட்டினான். பத்தாவது தடவை கொட்டாவி விட்டான்.

"அவன் வந்துட்டா அப்புறம் நான் எதுக்கு தாத்தா?" என்றான்.

மற்ற நேரமெல்லாம் நகரத்துக்குள் இங்கும் அங்கும் ஓடி, சில்லறை வேலைகளை முடித்து, அடுத்த திரை வருவதற்குக் காத்திருக்க வேண்டும். ரேஷன் கடை வரிசைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

நம் காலத்தில் எம்.ஜி.ஆர். படம் பார்த்தோமே, நம்பியாரிடம் அவர் தோற்பார் என்று யாராவது நினைத்தோமா? ஜெயிப்பார் என்று தெரிந்தேதான் டிக்கெட் எடுத்தோம். பார்ப்பதற்கு அது போதும். ஆடுவதற்குப் போதாது. ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலியைத் தன் பக்கம் வைத்துக்கொண்டிருந்தாலும், ஆடுகள் சேர்ந்து கட்டிவிடுமோ என்ற பயம் இருக்கும். அந்தப் பயம் இல்லாவிட்டால் காயை நகர்த்துவதில் என்ன ருசி? கேமைச் செய்தவர்கள் கதைக்கு உண்மையாகத்தான் இருந்திருக்கிறார்கள். கதையே ஆட்டத்துக்கு எதிரியாகப் போனதுதான் பாவம்.

மூன்றாம் நாள் பேரன் சைத்தாமாவை விட்டுவிட்டு, முமேன் ரைடர் என்பவனை எடுத்து ஆடிக்கொண்டிருந்தான். இவன் சைக்கிளில் வரும் வீரன். விசேஷ சக்தி எதுவும் கிடையாது. கடல் ராஜா என்ற அரக்கனிடம் ஜெயிக்க முடியாது என்று தெரிந்தும், ஜனங்களுக்காக எழுந்து எழுந்து போய் அடி வாங்குவான். சைத்தாமாவே கடைசியில் அவனைப் பாராட்டுவான். அனிமேயில் என் கண் கலங்கிய ஒரே இடம் அது.

பேரன் அவனை வைத்து வரிசையாக ஏழு ஆட்டம் தோற்றான். எட்டாவதில் ஜெயித்தபோது போட்ட சத்தத்தில், அடுப்படியில் இருந்த என் மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அவனாகவே பேசினான். "என்னைவிட நல்லா போடறவங்க நாலு பேர் இருந்தாங்க தாத்தா. எனக்கு யார்க்கர் சரியா விழல."

"அடுத்த தேர்வு எப்போ?"

"டிசம்பர்ல."

நான் வேறெதுவும் சொல்லவில்லை. இன்னொரு தோசை வேண்டுமா என்று மட்டும் கேட்டேன். வேண்டும் என்றான்.

டிஸ்க்கை மறு வாரமே பாதி விலைக்குக் கொடுத்துவிட்டான். ஏமாந்துவிட்டதாக இன்னும் புலம்புகிறான். இப்போதெல்லாம் சாயங்காலம் மொட்டைமாடியில் ஒரு பழைய செருப்பை ஸ்டம்புக்கு முன்னால் வைத்து, அதைக் குறிபார்த்துப் பந்து போடுகிறான். பந்து பொறுக்கிப் போடும் உத்தியோகம் எனக்கு. முட்டி வலிக்கத்தான் செய்கிறது. இதுவரை பன்னிரண்டு தடவை செருப்பில் பட்டிருக்கிறது.